பானைக்குள் வந்த காட்டுக்கொடி

அரசர்கள் இரண்டாம் நூலின் நான்காம் அதிகாரத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. கில்காலில் பஞ்சம். இறைவாக்கினர் எலிசாவின் முன் அவருடைய சீடர் குழு அமர்ந்திருக்கிறது. பெரிய பானையை அடுப்பிலேற்றி அனைவருக்கும் கூழ் சமைக்குமாறு எலிசா பணிக்கிறார். கீரை பறிக்க வயல்வெளிக்குச் சென்ற ஒருவர் அங்கே படர்ந்திருந்த காட்டுக்கொடி ஒன்றைக் காண்கிறார். அதன் காய்களை மடி நிறையப் பறித்து வந்து அரிந்து பானையில் போடுகிறார். அவை இன்னவை என்பது அவருக்கும் தெரியாது, உடனிருந்தோருக்கும் தெரியாது. பசியோடு வாயில் வைத்தவர்கள், பானையில் சாவு இருக்கிறதென்று அலறுகிறார்கள். எலிசா மாவு கொண்டுவரச் சொல்லிப் பானையில் இடுகிறார். தீங்கு அகல்கிறது.

இப்பகுதியைப் பலமுறை வாசித்தும் விளக்கியும் உள்ள நாம், எலிசாவின் வல்ல செயலையே எப்போதும் முன்னிறுத்தி வந்தோம். காய் பறித்தவரைப் பற்றி நின்று சிந்தித்ததில்லை. அவர் வஞ்சகர் அல்லர். பகைவர் எவரும் அவரை ஏவவுமில்லை. பசித்த சகோதரர்க்கு நன்மை செய்யவே போனார். அவரிடம் அன்பு இருந்தது, உழைப்பு இருந்தது. பறித்தது இன்னதென்ற அறிவு மட்டும் இல்லை. அந்த ஒன்று இல்லாமையால் சாவு பானைக்குள் வந்தது.

அவரை நமக்கு நினைவூட்டியவர் நமது பங்கைச் சேர்ந்த ஒரு தாய். சில ஆண்டுகளுக்கு முன் திருவிழா நாள்களில் மூலிகைச் சத்துப் பொடி விற்க ஒருவர் வந்தார். ஆலய முற்றத்தில் மேசை போட இடம் கேட்டார். திருப்பலி முடிவில் ஓர் அறிவிப்பும் வேண்டினார். இடம் கொடுத்தோம், அறிவிப்பையும் வாசித்தோம். பொடியில் இருப்பது என்ன என்று நாம் கேட்கவில்லை. ஓராண்டுக்கும் மேலான பின்னர் அத்தாய் வெற்றுப் பொட்டலம் ஒன்றைக் கையில் ஏந்தி அறைவீட்டுக்கு வந்தார். நாள் தவறாமல் காலையில் வெந்நீரில் கலந்து குடித்து வந்தாராம். இப்போது பொடி தீர்ந்துவிட்டது. விற்றவரின் தொலைபேசி எண்ணில் எவரும் பேசவில்லை. பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தோம். 27 மூலிகைகள் என்று எழுதியிருந்தது. அவற்றுள் ஒன்றின் பெயரும் இல்லை. செய்தவரின் முகவரியும் இல்லை. "நீங்க கோயில்ல சொன்னதால வாங்கினேன். நல்லதுதானே சாமி?" என்று கேட்டார். அவருக்கு அந்தப் பொடியால் தீங்கு நேர்ந்ததாக நாம் சொல்லவில்லை; நேரவில்லை என்று சொல்லவும் இயலவில்லை. அக்கேள்விக்கு விடை தேடிப் படிக்கத் தொடங்கியபோது, ஈராயிரம் ஆண்டுப் பழைமையுள்ள ஒரு கொடியின் வரலாறு எதிர்ப்பட்டது. அதை வாசகரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மடத்துத் தோட்டத்தில் வளர்ந்த கொடி

கிரேக்கர் அக்கொடியை 'அரிஸ்டோலோக்கியா' என்று அழைத்தனர். 'அரிஸ்டோஸ்' என்றால் மிகச் சிறந்தது. 'லோக்கேயா' என்றால் பேறுகாலம். நற்பேறு அருளும் கொடி என்பது பெயரின் பொருள். கிறிஸ்துவுக்கு முன்பே தியோபிராஸ்துஸ் அதை எழுதிவைத்தார். முதல் நூற்றாண்டில் தியோஸ்கோரிதஸ் தம் மருந்து நூலில் அதற்கு இடமளித்தார். அதன் பூ அடியில் பருத்து, மேலே குழலாக வளைந்திருக்கும். கருப்பையின் வடிவை அதில் கண்ட பிற்காலத்தார், இறைவனே இதன் பயனைப் பூவில் எழுதிவைத்தார் என்று கருதினர். எனவே பிள்ளைப்பேற்றுக்கும் நஞ்சுக்கொடி விழுவதற்கும் பாம்புக்கடிக்கும் அதைக் கொடுத்தனர்.

உரோமைப் பேரரசு சிதைந்தபின் மருந்து அறிவைக் காத்தவை துறவற மடங்கள் என்பது நாம் அறிந்ததே. நோயாளரைப் பேணுவது மற்றெல்லாவற்றுக்கும் மேலானது என்று புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்கின் 36ஆம் அதிகாரத்தில் பணித்தார். அதே ஆறாம் நூற்றாண்டில் கசியதோருஸ் தம் மடத்துத் துறவியர்க்கு, மூலிகைகளின் இயல்பை நன்கு கற்று, கலவைகளைக் கவனத்தோடு செய்ய வேண்டும் என்று அறிவுறுத்தினார். கிரேக்கம் அறியாதோர் செடிகளின் படங்கள் அமைந்த மூலிகை நூலைப் பார்க்கட்டும் என்றார். ஒன்பதாம் நூற்றாண்டில் வரையப்பட்ட புனித கால் மடத்தின் திட்டப்படத்தில் மருத்துவரின் வீட்டருகே 16 பாத்திகள் கொண்ட மூலிகைத் தோட்டத்தைக் காண்கிறோம்.

மடத்துத் தோட்டங்களுக்குப் பேறுகாலக் கொடியும் வந்தது. இங்கிலாந்தின் மண்ணுக்கு அது உரியதன்று. ஆயினும் ஆக்ஸ்போர்டுக்கு அருகே காட்ஸ்டோ போன்ற பழைய கன்னியர் மடங்களின் இடிபாடுகளை ஒட்டி அது முளைத்திருப்பதைச் செடியியலார் கண்டனர். மடங்களை அரசன் கலைத்துப் பல நூற்றாண்டுகள் ஆயின. கன்னியர் இல்லை, மருந்தறை இல்லை. அவர்கள் நட்ட கொடி மட்டும் இருந்தது. அக்கன்னியர் அதைப் பேறுகால வேதனையில் துடித்த ஏழைப் பெண்களுக்கு அரைத்துக் கொடுத்திருக்கலாம். அவர்களுடைய அன்பை ஐயுற நமக்கு உரிமையில்லை. ஆனால் அன்பால் நட்டது என்பதற்காகக் கொடியின் இயல்பு மாறிவிடவில்லை. அதை உலகம் உணர 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிரசல்ஸ் நகரின் பெண்கள்

1992ஆம் ஆண்டில் பெல்ஜியத் தலைநகர் பிரசல்ஸில் சிறுநீரக மருத்துவர்கள் புதிரொன்றைக் கண்டனர். இளம் வயதுப் பெண்கள் சிலருக்குச் சிறுநீரகங்கள் விரைந்து சுருங்கிச் செயலிழந்தன. விசாரித்தபோது அவர்கள் அனைவரும் உடல் மெலிவதற்காக ஒரே மருத்துவ நிலையத்துக்குச் சென்றவர்கள் எனத் தெரிந்தது. அந்நிலையம் பல ஆண்டுகளாக இடரின்றி நடந்துவந்தது. 1990இல்தான் மாத்திரைகளில் சீன மூலிகைகள் இரண்டு புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தன. பேராசிரியர் வான்ஹெர்வெகெம் அவர்களும் உடனுழைத்தோரும் 50 வயதுக்குட்பட்ட 9 பெண்களின் நிலையை ஆராய்ந்து 1993இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். ஆண்டுகள் செல்லச் செல்ல அத்தகைய நோயாளரின் தொகை 100ஐக் கடந்தது.

சேர்க்கப்பட்டதாக எண்ணப்பட்ட மூலிகைகளில் ஒன்று சீனர் 'ஃபாங் சி' என்னும் வேர். அது சிறுநீரகத்தைக் கெடுப்பதாக எவரும் அறிந்ததில்லை. ஆனால் சீன மருந்துக் கடையில் 'குவாங் ஃபாங் சி' என்று இன்னொரு வேரும் உண்டு. ஒலி ஒன்று, உலர்த்தி அரிந்தால் தோற்றமும் ஏறக்குறைய ஒன்று, பொடித்துவிட்டாலோ கண்ணால் பிரித்தறியவே இயலாது. இரண்டாவது வேர் அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்தது. பெல்ஜியத்தில் வந்திறங்கிய பொடியில் அந்த இனத்துக்குரிய அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருந்ததை 1994இல் வேதியியலார் உறுதிசெய்தனர். கில்காலில் நடந்தது பிரசல்ஸில் மீண்டும் நடந்திருக்கிறது. கொண்டுவந்தவரும் அறியவில்லை, கொடுத்தவரும் அறியவில்லை, உண்டவரும் அறியவில்லை. கில்காலில் காய் கசந்ததால் உடனே அலறினர். பிரசல்ஸில் மாத்திரை கசக்கவில்லை. அலறல் எழுவதற்குள் சிறுநீரகங்கள் போய்விட்டன.

துன்பம் அத்தோடு முடியவில்லை. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்து, இயந்திரத்தாலோ மாற்றுச் சிறுநீரகத்தாலோ வாழ்ந்தவர்களுள் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் தோன்றியது. ஆகவே பயனற்றுப்போன சிறுநீரகங்களையும் சிறுநீர்க்குழாய்களையும் முன்னெச்சரிக்கையாக அகற்ற 39 பேர் இசைந்தனர். அகற்றியவற்றை ஆராய்ந்ததில் 18 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. எஞ்சியோருள் இருவர் நீங்கலாக மற்ற அனைவரிடமும் உயிரணுக்கள் இயல்பு திரிந்திருந்தன. 2000ஆம் ஆண்டில் வெளியான இக்கணக்கு மருத்துவ உலகை உலுக்கியது. அவர்கள் மாத்திரை உண்டு நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

தானூப் கரையின் அப்பம்

பெல்ஜியத்துச் செய்தி, ஐரோப்பாவின் வேறொரு மூலையில் விடைகாணாதிருந்த புதிர் ஒன்றையும் தெளிவித்தது. தானூப் ஆற்றின் கிளையாறுகளை ஒட்டிய சில சிற்றூர்களில் உழவர் குடும்பங்களைச் சிறுநீரக நோயொன்று தலைமுறை தலைமுறையாக வாட்டி வந்தது. பல்கேரியா, செர்பியா, போஸ்னியா, குரோவேசியா, ருமேனியா ஆகிய நாடுகளில் அது காணப்பட்டது. 1950களில் மருத்துவர்கள் அதை விரிவாக எழுதினர். ஓர் ஊரில் இருக்கும், அடுத்த ஊரில் இராது. ஒரு வீட்டில் இருக்கும், அண்டை வீட்டில் இராது. நடு வயதுக்குப் பின்னரே வெளிப்படும். பலருக்குச் சிறுநீர்ப் பாதைப் புற்றுநோயும் உடன் வரும். குடிநீர் காரணமா, மண்ணில் உள்ள உலோகமா, தானியத்தில் பிடிக்கும் பூஞ்சையா, குருதிவழி வரும் குறையா என்று அறிஞர் பலவாறு தேடினர்.

1969இல் இவிச் என்னும் ஆய்வாளர் எளிய கருத்தொன்றை வெளியிட்டார். கோதுமை வயல்களில் பேறுகாலக் கொடி களையாக முளைக்கிறது. கோதுமை முற்றும்போது அதன் காய்களும் முற்றுகின்றன. இரண்டும் சேர்த்தே அறுக்கப்பட்டு, சேர்த்தே அரைக்கப்பட்டு, வீட்டு அடுப்பில் அப்பமாகின்றன என்றார். அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் சிலரே. பெல்ஜியப் பெண்களின் சிறுநீரகங்களும் தானூப் உழவரின் சிறுநீரகங்களும் ஒரே வகையில் சிதைந்திருப்பதைக் கண்டபின்னரே ஆய்வு அத்திசையில் திரும்பியது. 2007இல் கிரோல்மன் தலைமையிலான குழுவினர் குரோவேசிய நோயாளரின் சிறுநீரகத் திசுவில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் மரபணுவோடு பிணைந்திருப்பதைக் கண்டனர். அவர்களுடைய புற்றுக்கட்டிகளில் அந்நஞ்சுக்கே உரிய அடையாளமும் பதிந்திருந்தது.

குரோவேசியர் பெரும்பாலும் கத்தோலிக்கர். அந்த உழவர் வீடுகளிலும் அன்றாட அப்பத்துக்காகக் கர்த்தர் கற்பித்த செபம் சொல்லப்பட்டிருக்கும். சிலுவை அடையாளம் இட்டு அப்பத்தைப் பிட்டிருப்பர். எலிசா பானையில் இட்ட மாவு நஞ்சை முறித்தது. இவர்கள் வீட்டிலோ மாவே நஞ்சைச் சுமந்து வந்தது. இதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. செபம் களையைப் பிடுங்கும் வேலையிலிருந்து நமக்கு விடுதலை தருவதில்லை. கோதுமையிடையே களை முளைத்த உவமையைச் சொன்ன நம் ஆண்டவரும் அறுவடையின்போது இரண்டையும் வேறு வேறாகப் பிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

முன்னோர் ஏன் காணவில்லை?

ஈராயிரம் ஆண்டு உண்டும், கொடுத்தும், எழுதியும் வந்த முன்னோர் இத்தீங்கை ஏன் அறியவில்லை? முன்னோர் மருந்து என்றாலே பழுதற்றது என்று நம்புவோரும், முன்னோரே அறிவிலிகள் என்று இகழ்வோரும் இக்கேள்வியை எதிர்கொண்டாக வேண்டும்.

கண்ணால் கண்டு அறியத்தக்கதை முன்னோர் நன்றாகவே அறிந்தனர். உண்டவுடன் வாந்தி வந்தால், வயிறு போனால், மயக்கம் கண்டால், மறுநாளே அந்தச் செடிக்கு நஞ்சு என்று பெயரிட்டனர். எட்டியையும் ஊமத்தையையும் அறியாத கிராமத்தான் உண்டோ? ஆனால் இன்று உண்டது 20 ஆண்டு கழித்து, உண்ட வாயிலோ வயிற்றிலோ அன்றி இடுப்புக்குள் மறைந்த சிறுநீர்க்குழாயில் கட்டியாக எழுமானால், இரண்டையும் முடிச்சிடுவது எங்ஙனம்? அந்த அமிலம் உடலுக்குள் உருமாறி மரபணுவில் ஒட்டிக்கொள்கிறது. ஆண்டுக்கணக்காக அங்கேயே தங்கி, உயிரணு தன்னைப் படியெடுக்கும்போது பிழை நேரச் செய்கிறது. இதை வீட்டுத் திண்ணையிலிருந்து காண வழியில்லை. பேறுகாலத்தில் கொடி கொடுத்த மருத்துவச்சி, தாய் பிழைத்ததைக் கண்டார். அந்தத் தாய் 50 வயதில் நீர் பிரியாமல் மாண்டபோது, அதை விதி என்று ஊரார் அழுது அடக்கம் செய்தனர்.

ஆகவே நெடுங்கால வழக்கம் ஒரு சாட்சிதான். ஆனால் அது பாதி சாட்சி. விரைந்து வரும் தீங்கு இல்லை என்பதற்கு அது சான்று பகரும். மெல்ல வரும் தீங்கைப் பற்றி அது எதுவும் சொல்லாது. முன்னோர் காணாதது அவர்களுடைய குற்றமன்று. கண்ட பின்னும் நாம் காணாததுபோல் இருப்பதுதான் குற்றம்.

அத்தகைய குற்றத்துக்கும் வரலாறு உண்டு. அவ்வமிலம் விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவதைக் கண்டு, ஜெர்மனியில் 1980களின் தொடக்கத்திலேயே அது கலந்த மருந்துகள் விலக்கப்பட்டன. அண்டை நாடான பெல்ஜியத்தில் துன்பம் நேர்ந்தது அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பிறகு! உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இவ்வினச் செடிகள் அடங்கிய மூலிகை மருந்துகளை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று ஐயத்துக்கிடமின்றி 2002இல் வகைப்படுத்தியது. தைவான் நாடு 2003இல்தான் தடை விதித்தது. 1997க்கும் 2003க்கும் இடையே அந்நாட்டு மக்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு இவ்வினச் செடி கலந்த மருந்து எழுதிக்கொடுக்கப்பட்டதை அரசுக் காப்பீட்டுப் பதிவேடுகள் காட்டின. சிறுநீர்ப் பாதையின் மேற்பகுதியில் தோன்றும் புற்றுநோய் அங்கே பிற நாடுகளைக் காட்டிலும் மிகுந்திருப்பதன் காரணமும் விளங்கியது.

நம் மண்ணின் கொடிகள்

இது அயல்நாட்டுக் கதை என்று நாம் ஒதுக்க இயலாது. அரிஸ்டோலோக்கியா இனத்துக் கொடிகள் நம் வேலியோரத்திலும் உண்டு. பெருமருந்து என்றும் ஈசுவரமூலி என்றும் வழங்குவது ஒன்று; கரிசல் மண்ணில் தரையோடு படரும் ஆடுதின்னாப்பாளை மற்றொன்று. இரண்டையும் பாம்புக்கடிக்கும் பூச்சிகளுக்கும் நம் மரபு மருந்தாக வழங்கி வந்திருக்கிறது. அந்த அமிலம் இவற்றிலும் இருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர்.

ஆடுதின்னாப்பாளை என்னும் பெயரை எண்ணிப் பாருங்கள். முள்ளையும் விடாமல் மேயும் ஆடு இதைத் தொடுவதில்லை. அதைக் கவனித்த ஆட்டிடையர் யாரோ பெயரிலேயே எச்சரிக்கையைப் பொதித்து வைத்தார். நம் முன்னோரின் நுட்பத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஆனால் பொடியாக்கிப் பொட்டலம் கட்டி, 'மூலிகைக் கலவை' என்று பொதுப்பெயர் இட்டுவிட்டால், இடையர் சொல்லிவைத்த எச்சரிக்கை காணாமற் போகிறது.

பெயர்க் குழப்பமும் நமக்குப் புதிதன்று. 2020இல் கொரோனாக் கொள்ளைநோயின்போது உடல் வலு வேண்டி மக்கள் சீந்தில் கொடிக் கசாயத்தை நாள்தோறும் பருகினர். 2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் உண்ட 6 பேருக்குக் கல்லீரல் பழுதுபட்டதை எழுதினர். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. சீந்திலை ஒத்த வேறொரு கொடி தவறுதலாக உண்ணப்பட்டிருக்கலாம் என்றது. 2022இல் நாட்டின் 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 நோயாளரின் விவரங்கள் வெளிவந்தன. உடல் தன் கல்லீரலையே தாக்கும் நோயின் சாயல் அவர்களுள் பலரிடம் இருந்தது. இரு தரப்பாரின் வழக்கைத் தீர்ப்பது நம் வேலையன்று. ஒன்று மட்டும் தெளிவு: குடித்த கொடி எது என்ற கேள்வி, குடித்துக் கல்லீரல் நொந்த பிறகே எழுந்தது.

கைவிடப்பட்ட வேலிகள்

மூலிகை எல்லாம் நஞ்சு என்று சொல்ல வந்தோமில்லை. ஆண்டவரே மண்ணிலிருந்து மருந்துகளைப் படைத்தார், அறிவுள்ளோர் அவற்றைப் புறக்கணியார் என்று சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் போதிக்கிறது. அதே அதிகாரம் மருத்துவரையும் மருந்து கலப்பவரையும் மதிக்கச் சொல்கிறது. மண் தருவதை மனித அறிவு ஆய்ந்து அளந்து தரவேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

திருச்சபை வரலாற்றில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. பெரு நாட்டில் இயேசு சபையார் அறிந்துகொண்ட சின்கோனா மரப்பட்டை 17ஆம் நூற்றாண்டில் உரோமைக்கு வந்தது. கர்தினால் தெ லூகோ காய்ச்சலில் வாடிய ஏழைகளுக்கு அதை இலவசமாக வழங்கினார். பட்டையை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை. எவ்வளவு எடை, எப்போது, எந்தக் காய்ச்சலுக்கு, எப்படிக் கலந்து உண்பது என்று அச்சிட்ட சீட்டும் உரோமையில் வெளியாயிற்று. 1820இல் பிரெஞ்சு வேதியியலார் இருவர் அப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தபின் அளவு இன்னும் திட்டமாயிற்று. நம் அண்டையான கொச்சியில் டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் 12 தொகுதிகள் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சேறின. கார்மேல் சபைத் துறவி புனித சூசையப்பரின் மத்தேயு அப்பணியின் தொடக்கத்தில் துணை நின்றார். ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் தம் குலத்தறிவை வழங்கினார். செடியின் இலை, பூ, காய், வேர் அனைத்தையும் வரைந்து, பல எழுத்துகளில் அதன் பெயரைப் பொறித்தனர். ஒரு பெயரால் இரு செடிகள் வழங்கும் இடர் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் சித்த மருத்துவ மரபும் வேலி போட்டுத்தான் மருந்தைக் காத்தது. செடியைத் தாமே அறிந்து பறிக்கும் வைத்தியர் ஒரு வேலி. மருந்தைச் சுத்தி செய்யும் முறை ஒரு வேலி. நாடி பார்த்து, ஆளுக்கும் வயதுக்கும் ஏற்ப அளவு குறிப்பது ஒரு வேலி. இத்தனை நாள் என்று வரையறுத்துப் பத்தியத்தோடு கொடுப்பது இன்னொரு வேலி. நெடுங்காலம் கழித்து வரும் தீங்கை இவ்வேலிகளும் முற்றிலும் தடுத்திருக்க மாட்டா. ஆயினும் ஆடிக்கொரு தடவை உண்ட சிறிதளவுக்கும் நாள்தோறும் ஆண்டுக்கணக்காக உண்பதற்கும் வேறுபாடு மிகப் பெரிது. பெல்ஜிய நோயாளரிடமும் வேரை மிகுதியாக உண்டவர்க்கே புற்றுநோய் மிகுந்திருந்தது.

இன்றைய 'மூலிகை உணவுத் துணைப்பொருள்' இந்த வேலிகள் அனைத்தையும் ஒரே நாளில் பிடுங்கிவிட்டது. மருந்து என்றால் அளவு கேட்போம். உணவு என்று பெயர் மாற்றிவிட்டால் அளவும் இல்லை, நாளும் இல்லை, வைத்தியரும் இல்லை. உணவே மருந்து என்று நாம் பெருமையோடு சொல்லும் பழமொழியைத் தலைகீழாக்கி, மருந்தையே உணவாக விற்கிறார்கள். நோய் தீர்க்கும் என்று மேடையில் சொல்லி விற்பார்கள். நேர்ந்த கேட்டுக்குக் கணக்குக் கேட்டால் இது உணவுதானே என்பார்கள்.

சட்டமும் இரண்டையும் வேறாகவே வைத்திருக்கிறது. சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகள் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றுச் செய்யப்பட வேண்டும். உணவுத் துணைப்பொருள்கள் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. பொட்டலத்தில் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். மருந்தாகப் பயன்படுத்துவதற்கன்று என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். அந்த எண், செய்தவரை அடையாளம் காட்டும். நோயைத் தீர்க்கும் என்பதற்கோ, 20 ஆண்டு உண்டாலும் தீங்கில்லை என்பதற்கோ அது உறுதிச்சீட்டு அன்று. சித்த, ஆயுர்வேத மருந்துகளால் நேரும் தீய விளைவுகளைப் பதிவுசெய்ய 2018 முதல் நடுவண் அரசின் ஏற்பாடும் உள்ளது. ஆனால் அதற்கு ஒருவர் வாய்திறந்து சொல்ல வேண்டும். பிரசல்ஸில் உண்மை வெளிப்பட்டதற்குக் காரணம், என்ன உண்டீர்கள் என்று மருத்துவர் கேட்டதும், நோயாளர் மறைக்காமல் சொன்னதுமே. நம்மவரோ பொடி குடிப்பதை மருத்துவரிடம் சொல்வதில்லை. திட்டுவார் என்ற அச்சம் ஒருபுறம். இலைதழை தானே, இதை எதற்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் மறுபுறம்.

நம் பங்கும் பொறுப்பும்

இவ்வரலாற்றில் பொடியோடு கூடவே பயணம் செய்த இன்னொன்று உண்டு. அது நம்பிக்கை. பிரசல்ஸில் மருத்துவ நிலையத்தை நம்பினர். தைவானில் அரசுக் காப்பீட்டை நம்பினர். தானூப் கரையில் தம் வயலையே நம்பினர். நமது பங்கில் அந்தத் தாய் பீடத்தருகே நின்று வாசித்த குரலை நம்பினார். நற்செய்தி வாசிக்கும் அதே குரல் பொடியையும் அறிவித்தால், இரண்டையும் பிரித்துக் கேட்க எளிய மக்களால் இயலுமா? கில்காலில் காய் பறித்தவரைப்போல நாமும் அறியாததை மடியில் ஏந்தி வந்து மக்களின் பானையில் இட்டோம். அத்தாயிடம் உள்ளபடியே சொன்னோம்: இதில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, தெரியாமலே அறிவித்தேன், தவறு என்னுடையது. பொட்டலத்தோடு அரசு மருத்துவமனைக்குச் சென்று சிறுநீரகச் சோதனையும் கல்லீரல் சோதனையும் செய்துகொள்ளக் கேட்டுக்கொண்டோம். சென்றார். அப்போதைக்குக் குறை ஏதும் தெரியவில்லை என்று வந்து சொன்னார். இறைவனுக்கு நன்றி கூறினோம். ஆயினும் 'அப்போதைக்கு' என்ற சொல் நம்மை இன்னும் விட்டு அகலவில்லை.

அதன்பின் பங்குப்பேரவையில் அமர்ந்து பேசி ஒரு முடிவு செய்தோம். உட்கொள்ளும் எப்பொருளுக்கும் ஆலயத்தில் அறிவிப்பு இல்லை. திருவிழாக் கடைகளில் விற்போர் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் விடை தரவேண்டும். இதில் இருப்பவை எவை, ஒவ்வொன்றின் பெயரோடு? எவ்வளவு, எத்தனை நாள் உண்ண வேண்டும்? யார் செய்தது, உரிமம் என்ன? கருவுற்றோரும் குழந்தைகளும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை உண்போரும் இதை உண்ணலாமா? சென்ற திருவிழாவில் மூவர் வந்தனர். கேள்விகளைக் கண்டதும் இருவர் மேசையை மடித்துக்கொண்டு போயினர். மூன்றாமவர் ஒரு முதிய சித்த வைத்தியர். தாளை வாங்கி நிதானமாகப் படித்து, தம் கையாலேயே விடை எழுதினார். கடைசிக் கேள்விக்கு, நோயாளியை நேரில் பாராமல் சொல்ல இயலாது என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவரை வணங்கி இடம் கொடுத்தோம்.

இதழை வாசிக்கும் அன்பர்களையும் அக்கேள்விகளை எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம். உங்கள் வீட்டு அலமாரியில் பெயரில்லாப் பொட்டலம் ஏதும் இருந்தால், எடுத்துப் பாருங்கள். பெற்றோர் ஏதேனும் பொடி உண்டு வந்தால் அன்போடு கேட்டறியுங்கள். மருத்துவரிடம் செல்லும்போது அதையும் கையோடு கொண்டு செல்லுங்கள். இறைவன் மண்ணில் விளையச் செய்த நற்கொடிகளுக்காக நன்றி செலுத்துவோம். அவற்றைப் பானையில் இடுமுன் இன்னதென்று அறியும் பொறுமையையும், அறியாதபோது அறியேன் என்று சொல்லும் தாழ்ச்சியையும் அவரிடமே கேட்போம்.